அம்மாவை வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி

"தம்பி, கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?" மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதுமுன் அந்தப் பதினேழு வயதுப் பையனிடம் நான் கேட்டது இவ்வளவுதான். பக்கத்திலேயே அவன் அம்மா. "இல்ல சார்" என்றான். கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். வெளியே கூட்டம் இருந்தது உண்மை. ஆனாலும் அந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லியிருக்கலாம். தோண்டிக் கேட்டால் ஏதாவது வரும், வந்தால் வேலை நீளும். அதனால் கேட்கவில்லை.

ஃப்ளூஆக்ஸெடின் எழுதினேன். அந்த வயதுக்கு உகந்த மருந்துதான். பையனோ கூட்டாளிகளோடு சேர்ந்து டிரமடால் போட்டுக்கொண்டிருந்தான். அவர்களுக்கு அது வலி மாத்திரை. கஞ்சா, சாராயக் கணக்கில் வராது. 2018-இலேயே போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்ட மருந்து அது.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டிரமடாலைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் வீரியமான பொருளாக மாற்றுகிறது. ஃப்ளூஆக்ஸெடின் அந்த நொதியை முடக்கிவிடும். வழக்கமான அளவில் கிறக்கம் வராது. வரவில்லையே என்று பையன் மேலும் மேலும் விழுங்குவான். மாறாத டிரமடால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். மூளையில் செரோட்டோனின் எல்லை மீறும். பதற்றம், நடுக்கம், கொதிக்கிற காய்ச்சல், தானாகத் துடிக்கும் கால் தசைகள், வலிப்பு. இத்தனையோடும்தான் அவனை ஐ.சி.யூ.வுக்குத் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

பேச முடிந்ததும் அவன் சொன்னது: "அன்னிக்கு உங்க மாத்திரையப் போடல சார்." கலக்கக் கூடாது என்று தானாகவே யோசித்து ஒரு வேளை மாத்திரையை விட்டிருக்கிறான். நிறுத்தினாலும் வாரக்கணக்கில் உடம்பில் தங்குகிற மருந்து ஃப்ளூஆக்ஸெடின். அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான். அவ்வளவு ஜாக்கிரதையான பையன்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. வராந்தாவில் அவன் அம்மா, "நீங்க கொடுத்த மருந்தாலயா டாக்டர்?" என்று கேட்டார். "உங்க பையன் எங்கிட்ட மறைச்சிட்டாம்மா" என்றேன். பழி என் சீட்டின் மேல் விழாதிருக்க, பிள்ளையைத் தாயிடம் காட்டிக்கொடுத்தேன். பெற்றவள் முன்னால் எந்தப் பிள்ளை ஒப்புக்கொள்வான்? கேட்ட விதம் தவறு என்று அவரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதன்பின் அவர்கள் என்னிடம் வரவில்லை.