சுவரின் மூச்சு

ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளின் உறவே அந்நகரின் பழைய சுவர்கள். சூளையில் வெந்து, நீரில் நீறி, மணலோடு சாந்தாகி, காற்றின் கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் கல்லாவது சுண்ணாம்பின் இயல்பு. அத்தகைய சுவர் ஈரத்தை உண்ணும்; உண்டதை வெளியேயும் விடும்.

லயத்தில் தீபாவளிதோறும் வெள்ளையடித்துப் பழகிய முதியவர் ஒருவர், ரப்பர் தோட்டம் செம்பனைக்கு மாறியபின் ஈப்போவில் பழைய வீடொன்றில் குடியேறினார். முன்கூடத்துச் சுவர் பொரிந்து உதிர்ந்தது. பேரன் சாய வாளியுடன் வந்து, "மேலேயே பூசிவிட்டால் மறைந்துவிடும், தாத்தா" என்றான்.

"மறையும் ஐயா, தீராது" என்றார் அவர்.

முதலில் ஒழுகிய மழைநீர்க் குழாயைச் செப்பனிட்டார். சுவரில் பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தள்ளினார். நீர் பட்டால் அது கரைந்து மீண்டும் உட்புகும். கதவுநிலையின் பழஞ்சாயத்தில் ஈயம் இருக்கக்கூடுமாதலால், சிறுவர்களை அகற்றி, தூசு பறக்காமல் நனைத்தே தேய்த்தார். வெடிப்புகளைச் சிமெண்டால் அடைக்காமல் சுண்ணாம்புச் சாந்தே இட்டார். சிமெண்டு ஈரத்தைச் சிறையிடும். சிறைப்பட்ட ஈரமோ செங்கல்லையே அரிக்கும்.

சுரண்டச் சுரண்ட, பச்சைக்கு அடியில் நீலமும், நீலத்துக்கு அடியில் வெள்ளையும் வெளிப்பட்டன. ஓரிடத்தில், எவர் வீட்டுக் குழந்தையோ வளர்ந்த உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள். லயத்துச் சுவரில் அவரும் தம் பிள்ளைகளுக்கு அவ்வாறு கோடிட்டதுண்டு. அந்த லயம் இன்று இல்லை.

சாந்து உலரும்வரை பொறுத்திருந்து, இருவரும் வெள்ளையடித்தனர். கோடுகள் இருந்த ஒரு சாண் அகலத்தை மட்டும், தாத்தா சொல்லாமலே, பேரன் பூசாது விட்டான்.