சிரித்தாரா: ஆம் / இல்லை

மலேசியாவில் ‘மிஸ்டரி ஷாப்பர்’ என்று சொன்னால் பாதிப் பேருக்கு மோசடி விளம்பரம்தான் நினைவுக்கு வரும். முன்பணம் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் அந்த ரகத்தை விட்டுவிடுவோம்; அதில் சிக்கியவர்கள் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண் 997-ஐ அழைக்க வேண்டும். நான் பேச வந்தது நிஜமான வேலையைப் பற்றி. தன் கடைகளில் வாடிக்கையாளரை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று அறிய ஒரு நிறுவனம் ஏஜென்சியை அமர்த்தும். ஏஜென்சி என்னைப் போன்றவர்களை அனுப்பும். எல்லோரையும் போலக் கடைக்குப் போய், பொருள் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்தி, வீட்டுக்கு வந்து படிவம் நிரப்ப வேண்டும். வாங்கிய பொருளின் காசும் மேற்கொண்டு ஒரு சிறு தொகையும் கைக்கு வரும்.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பெம்பானுக்கு வந்தவள் நான். பிஆர் (நிரந்தரவாச உரிமை) கிடைத்த பிறகுதான் சொந்தமாகச் சம்பாதிக்க வழி பிறந்தது. பெம்பான், மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். டான் சே யான் 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு மலாயாவின் ரப்பர் தோட்டத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது இதே மலாக்கா மாநிலத்தில்தான். அந்த வழியில் வந்த தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பெட்ரோல் நிலையத்திலும் சூப்பர் மார்க்கெட்டிலும் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறார்கள். நான் மதிப்பெண் போடுவது பெரும்பாலும் இந்தப் பிள்ளைகளுக்கு.

படிவத்தில் கேள்விகள் இப்படி வரும்: பெயர்ப்பட்டை அணிந்திருந்தாரா? கண்ணைப் பார்த்துப் பேசினாரா? சிரித்தாரா? உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று கேட்டாரா? சலுகை விலைப் பானத்தைப் பற்றிச் சொன்னாரா? எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். மேலே ஊழியரின் பெயர், நேரம், ரசீது எண்.

ஒரு பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும், “வாங்க ஆண்ட்டி, சாப்பிட்டாச்சா?” என்றாள். என் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடி தளர்ந்திருப்பதைப் பார்த்து, எழுந்து போய் வேறு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள். பின்னால் வரிசையில் நின்ற மலாய்ப் பெரியவரிடம் அவர் மொழியில் ஒரு வார்த்தை பொறுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனாள். படிவம் கேட்டது வேறு: நிறுவனம் வகுத்த முகமன், அதாவது ‘செலாமாட் டாத்தாங்’, சொல்லப்பட்டதா? சொல்லப்படவில்லை. சலுகைப் பானம்? அதுவும் இல்லை. நான் ‘இல்லை’ என்று குறித்து, நடந்ததைக் குறிப்புப் பெட்டியில் விரிவாக எழுதினேன். ஏஜென்சியில் படிவம் சரிபார்ப்பவர் குறிப்பைச் சுருக்கி ஒரு வரியாக்கினார். புட்டி மாற்றிக் கொடுத்தது அதில் இல்லை. அந்த மாதம் அந்த நிலையத்தில் ஒருவருக்கும் ஊக்கத்தொகை கிடைக்கவில்லை என்று அவளுடைய சித்தி மூலமாகப் பிறகு தெரியவந்தது. ஊர் அவ்வளவு சின்னது.

சிறிய ஊரில் இந்த வேலைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தெரிந்தவர் வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே என்பது ஏஜென்சி விதி. கோயில் திருவிழாவில் பார்த்த முகத்தையும், மகளோடு பள்ளியில் படித்த பிள்ளையையும் கழித்தால் எனக்கு மிஞ்சுவது ஆயர் குரோ பக்கம் உள்ள பெரிய கடைகள்தான். ஆனாலும் அந்த விதி சரி. கோலாலம்பூரில் இருப்பவருக்கு அது எழுத்தில் உள்ள விதி. இங்கே அது அன்றாடம்.

என் மாமியார் ரப்பர் வெட்டியவர். இந்த வேலையைப் பற்றி முதலில் சொன்னபோது அவர் கேட்டது இதுதான்: “வெளிக்காட்டுக் கிராணி வந்தா மோட்டார் சைக்கிள் சத்தம் முன்னாலயே வந்துரும். மரத்துல காயம் பட்டிருக்கான்னு பார்ப்பாரு, திட்டுவாரு, சம்பளத்துல கை வைப்பாரு. ஆனா மூஞ்சி தெரியும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசலாம். உன் மூஞ்சி யாருக்கும்மா தெரியுது?”

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இத்துறையின் நெறிமுறைகளைப் படிக்கத் தொடங்கினேன். சந்தை ஆய்வாளர்களின் உலக அமைப்பான எசோமார் நெடுங்காலமாக ஒன்றைச் சொல்லிவருகிறது: இப்படிப்பட்ட சோதனைகள் நடக்கும் என்று ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்; சொல்லாமல் எடுத்த அறிக்கையை வைத்து ஒருவரைத் தண்டிக்கக் கூடாது. என்று வருவார்கள், யார் வருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வருவார்கள் என்று சொன்னால் போதும்.

‘சொல்லிவிட்டால் எல்லோரும் நடிப்பார்களே’ என்பது முதலாளிகளின் வாதம். டெல்லியில் நடந்த ஓர் ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. 2014-ல் ஆய்வாளர்கள், காசநோய் அறிகுறிகளைச் சொல்லப் பயிற்சி பெற்ற ஆட்களைத் தனியார் மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அந்த மருத்துவர்கள் ஆய்வுக்கு முன்பே சம்மதம் கொடுத்தவர்கள். எந்த நோயாளி பொய் நோயாளி என்பது மட்டும் தெரியாது. 250 சந்திப்புகளில் சரியான முறையில் கையாளப்பட்டவை 21 விழுக்காடு மட்டுமே. லான்செட் குழும இதழில் 2015-ல் வெளியான ஆய்வு இது. சோதனை வரும் என்று தெரிந்தும் உண்மை வெளியே வந்தது. மருத்துவரிடம் கேட்கும் சம்மதத்தைக் கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் ஏன் கேட்கக் கூடாது?

மாறுவேடமே தப்பு என்று நான் சொல்லவில்லை. யார் யாரைச் சோதிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோட்டத்தில் முப்பது வருடம் உழைத்தவருக்கு 55 வயதில் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் மொத்தமாகக் கைக்கு வருகிறது. அதுவரை அவ்வளவு பணத்தை ஒன்றாகப் பார்த்திராதவர் அவர். அந்தப் பணத்தை எதில் போடச் சொல்கிறார்கள் என்று அறிய, அவரைப் போலவே ஒருவர் வேடமிட்டுப் போய் உட்காருவதைத் தவிர வேறு வழி கிடையாது. பிரிட்டனின் நிதிச் சேவை ஆணையம் இப்படி ஆறு பெரிய வங்கி நிறுவனங்களுக்கு ஆளனுப்பி 2013-ல் முடிவை வெளியிட்டது: 231 சந்திப்புகளில் 11 விழுக்காட்டில் வாடிக்கையாளருக்குப் பொருந்தாத ஆலோசனை, மேலும் 15 விழுக்காட்டில் அவரைப் பற்றிப் போதிய விவரமே கேட்கவில்லை. இந்தியாவிலும் ஆயுள் காப்பீட்டு முகவர்களிடம் வேடமிட்டு ஆளனுப்பிய பொருளாதார ஆய்வாளர்கள், அதிகக் கமிஷன் தரும் பாலிசிகளையே முகவர்கள் தலையில் கட்டப் பார்த்ததைக் கண்டார்கள். இங்கே பொய் சொல்வது எளியவரின் பக்கம் நின்று. அதனால் அதற்கு நான் தயங்குவதில்லை.

அங்கேயும் ஒரு உறுத்தல் உண்டுதான். கமிஷனை நம்பிப் பிழைக்கும் முகவர் எனக்காக ஒரு மணி நேரம் செலவிடுகிறார். நான் வாங்கப்போவதில்லை என்பது எனக்கு முதலிலேயே தெரியும். அப்படி ஒருவர் இன்றும் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறார். ஒரு நிறுவனம் தன் போட்டி நிறுவனத்துக்குள் ஆளனுப்பும்போது அங்குள்ள ஊழியரின் நேரத்தை வீணாக்காதே, அடையாளத்தை வெளியிடாதே என்று நெறிமுறைகள் சொல்வது இதனால்தான்.

பெட்ரோல் நிலையப் பெண்ணிடம் திரும்புவோம். இந்நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதற்கு மேல் கிடைக்கும் ஊக்கத்தொகை, வீட்டில் ஒரு பில் கட்டுமா கட்டாதா என்பதைத் தீர்மானிக்கும். நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டால், 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி 60 நாளுக்குள் முறையிடலாம். ஊக்கத்தொகையை நிறுத்தியதற்கு அந்தக் கதவு திறக்காது. உணவகத்தில் தட்டெடுக்கும் நேப்பாளத் தொழிலாளியின் நிலைமை இன்னும் மோசம். அவருடைய பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. ‘சிரித்தாரா’ என்ற கட்டத்தில் நான் வைக்கும் குறி அவரை ஊருக்கே அனுப்பிவிடலாம்.

இப்போதெல்லாம் ஒரு பணியை ஏற்கும் முன் ஏஜென்சியிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். ஊழியர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா? பெயரைக் கேட்காமல் கடையை மட்டும் மதிப்பிட முடியுமா? பெயர் விஷயத்தில் அவர்கள் இறங்கிவருவதில்லை. முதல் கேள்விக்கு, நியமனக் கடிதத்திலேயே கையெழுத்து வாங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்தக் கடிதம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. காலை ஷிப்ட் தொடங்கும் முன் மேற்பார்வையாளர் வாயால் சொல்லட்டும், நேப்பாளிகளுக்கு நேப்பாளி மொழியில் சொல்லட்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை உணவகப் பணிகளையும் பெட்ரோல் நிலையப் பணிகளையும் நான் எடுப்பதில்லை. வங்கிப் பணி வந்தால், ஈபிஎஃப் பணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் பெண்ணாகப் போய் உட்காருகிறேன்.