இரண்டு சைலன்சர்



1986-இல் எட்டாம் வகுப்பில், "யெஸ்டிக்கு இரண்டு சைலன்சர், அதனால் இரண்டு சிலிண்டர்" என்றேன். மெக்கானிக் மகன் ஒருவன் எழுந்து, "ஒண்ணுதான் சார்" என்றான். அதட்டி உட்கார வைத்தேன்.

போன வாரம் பட்டறையில் ஒரு பழைய யெஸ்டியைப் பிரித்திருந்தார்கள். ஒரே சிலிண்டர், புகை போக இரண்டு வழி.

சைலன்சரை எண்ணிப் பெயர் வைப்பதில்லை. சிலிண்டர் எத்தனை, எப்படி நிற்கிறது என்பதே கணக்கு. ராஜ்தூத் 350-இல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அது பேரலல் ட்வின். ஹார்லி டேவிட்சனில் 45 டிகிரி விரிந்திருக்கும். அது வி ட்வின். டுகாட்டியில் 90 டிகிரி. ஒன்று படுத்தாற்போல் இருப்பதால் எல் ட்வின் என்பார்கள். அதுவும் வி-யே.

தம்பி, இதைப் படித்தால் மன்னித்துவிடு. அன்று வகுப்பில் வாத்தியார் நீதான்.