மயிரிழைக் கோடும் ஒரு தாயின் விரலும்

எழுத்துக்கும் ஓர் ஆன்மிகம் உண்டு. குருமடத்தில் நாம் பயின்ற இறையியல் நூல்கள் இதைச் சொல்லித் தரவில்லை. குரும்பகரத்து முதிய தாய் ஒருவர் சொல்லித் தந்தார்.

அவருடைய மகன் இறந்து முப்பதாம் நாள் நெருங்கிற்று. நினைவுத் திருப்பலியில் வழங்குவதற்குச் சிறு அட்டை ஒன்று அச்சிட வேண்டியிருந்தது. "நீங்களே பாத்துச் செஞ்சிடுங்க, சாமி" என்று பொறுப்பை நம்மிடம் விட்டார் அத்தாய். அச்சகத்தில் கணினியின் முன் அமர்ந்திருந்த இளைஞர் எழுத்துருக்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றில் நம் கண் நிலைத்துவிட்டது. வலப்புறம் சாய்ந்த எழுத்து. தடித்த கோடுகள் மிகத் தடித்தும், மெல்லிய கோடுகள் மயிரிழையாகவும் அமைந்த எழுத்து. "இது பெரிய தலைப்புக்குத்தான் ஏத்தது, ஃபாதர். அட்டையில சின்னதாப் போட்டா நிக்காது" என்றார் இளைஞர். நாம் கேட்கவில்லை.

கேளாமைக்குக் காரணம் நம் பழைய காதல். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954இல் இந்தியாவோடு இணைந்த மண் காரைக்கால். பழைய பிரெஞ்சு வழிபாட்டு நூல்களின் முகப்பில் இத்தகைய எழுத்தைக் கண்டு நாம் பலமுறை மயங்கியதுண்டு.

சாய்வெழுத்தின் பிறப்பே பக்தி மணம் கமழ்வது. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ் என்னும் அச்சாளர், 1500இல் சியன்னா நகரப் புனித கத்தரீனின் மடல்களை வெளியிட்டார். அதிலுள்ள புனிதையின் படத்தில் சில சொற்கள் மட்டும் சாய்ந்த எழுத்தில் அமைந்தன. இயேசுவின் திருப்பெயர் தாங்கிய சொற்கள் அவை. அவ்வெழுத்தைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. மறு ஆண்டே வெர்ஜிலின் நூல் முழுவதும் அதே எழுத்தில் வெளிவந்தது. கையெழுத்தைப் பின்பற்றிய அவ்வெழுத்தில் தடிப்புக்கும் மென்மைக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அந்த வேறுபாட்டை உச்சத்துக்குக் கொண்டு சென்றவர்கள் பாரிசின் திதோ குடும்பத்தாரும், இத்தாலியின் ஜம்பாத்திஸ்தா பொதோனியும் ஆவர். பொதோனி இளமையில் உரோமையிலுள்ள மறைபரப்புப் பேராயத்தின் அச்சகத்தில் தொழில் பயின்றவர். 1768 முதல் பார்மா கோமகனின் அச்சகத்தை நடத்தினார். 1806இல் ஆண்டவர் கற்பித்த செபத்தை 155 மொழிகளில் அச்சிட்டார். விரிந்த வெண்ணிற வெளியில், பெரிய அளவில் நிற்கும்போது அவர் எழுத்துக்கு ஈடில்லை. அதைச் சிறிதாக்கினாலோ மயிரிழைகள் மறையும்; தடித்த தூண்கள் மட்டுமே நிற்கும். ஆகவேதான் தேர்ந்த அச்சாளர்கள் சிற்றளவுக்கென மெல்லிய கோடுகளைச் சற்றுத் தடிப்பாக்கித் தனியே செதுக்கினர்.

இவையெல்லாம் நாம் அறிந்தவையே. அறிந்தும் தவறினோம்.

திருப்பலி முடிந்ததும் அத்தாய் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். செபப் புத்தகத்தைக் கொண்டே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர் அவர். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்தே படிப்பார். விரல் அட்டையில் அலைந்தது. "சாமி, எம் புள்ள பேரு இதுல எங்க இருக்கு?" என்றார். நமக்குத் தலை குனிந்தது. பெயரிருந்த இடத்தை நாம்தான் காட்டினோம். காட்டிய பிறகும் அவரால் படிக்க இயலவில்லை.

அன்றிரவு அந்த அட்டையை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தோம். ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு பெரும்பாலும் ஒரே சீரானது. நம் எழுத்துகளின் வளைவுகள் அதில் உருவானவை. நம் எழுத்துகளுக்குள் வேற்றுமை காட்டுபவை சிறு உறுப்புகளே: மெய்யின் புள்ளி, ணகரத்தின் கூடுதல் சுழி, நெடிலின் கொம்பு. எகர ஏகார, ஒகர ஓகாரங்கள் மயங்காதிருக்க வரிவடிவைத் திருத்தியவர் வீரமாமுனிவர். எளியோர் பிழையின்றிப் படிக்கவே அம்முனிவரின் அக்கறை. அந்த அட்டையிலோ இத்தகைய உறுப்புகளே மயிரிழையாகித் தேய்ந்திருந்தன. மேலும், உரோமன் சாய்வெழுத்து தனக்கெனத் தனி உருவம் கொண்டது. நாம் தேர்ந்ததோ நேரான தமிழெழுத்தைக் கணினி ஒருபக்கம் தள்ளிச் சாய்த்தது. இளைஞர் மீது குற்றமில்லை. பழி நம்முடையதே. துயருற்ற தாய்க்காக அன்று, நம் கண்ணுக்காகவே தேர்ந்திருந்தோம்.

1578இல் கொல்லத்தில், 16 பக்கமே கொண்ட 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழில் அச்சேற்றினார் அண்டிரிக்கு அடிகளார். கற்றோர் வியக்க அன்று, முத்துக்குளித்துறை மக்கள் மறையுண்மைகளைக் கற்கவே அவர் உழைத்தார். அவ்வழி வந்த குருக்களாகிய நாம் மறையுரையிலும் இதே பிழையைச் செய்வதில்லையா? பீடத்தில் பளபளக்கும் சொற்கள், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் எளியவரை எட்டும் முன்னரே மறைந்துபோகின்றன.

மறுநாளே அச்சகம் சென்றோம். "தம்பி, நீங்கள் சொன்னதே சரி" என்றோம். அவர் சிரித்தாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை. சாய்வெழுத்தை அடியோடு தள்ளவும் இல்லை; அட்டையின் மேற்பகுதியில் 'நினைவாக' என்னும் ஒரு சொல்லைப் பெரிதாக அதில் வைத்தார். அழகுக்கு அதற்குரிய இடம் கிடைத்தது. பெயரும் செபமும் நேரான, சீரான கோட்டெழுத்தில் அமைந்தன.

புதிய அட்டையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். அத்தாய் திண்ணையில் அமர்ந்து, விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார். மகனின் பெயர் முழுதும் வந்ததும் விரல் அங்கேயே நின்றது. பிறகு அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாமும் ஒன்றும் பேசவில்லை. மனிதரிடம் இறங்கி வந்த வார்த்தையானவரின் பணியாளர், படிக்கும் விரலின் அளவுக்கு இறங்க மறுக்கலாகாது என்பதை அந்தத் திண்ணையில்தான் கற்றோம்.