கையா? கண்ணா?

பி.காம். படிக்கிறவனுக்குக் கண்ணைப் பத்தி என்ன தெரியும்னு சிரிக்காதீங்க மக்களே. காரணம் இருக்கு.

எங்க அப்பா வேன் டிரைவர். கலவை சுத்துப்பட்டு ஊர்களில் இருந்து ஷூ கம்பெனி வேலைக்குப் போற அக்காக்களை ராணிப்பேட்டைக்கு ஏத்திட்டுப் போவார். இருட்டினதும் திரும்பக் கொண்டுவந்து விடுவார். எனக்கு வண்டி கத்துக் கொடுத்ததும் அவர்தான். ஏலகிரி மலையோட 14 கொண்டை ஊசி வளைவிலும் ஒரே பாட்டு: "பானட்டைப் பாக்காதடா. வளைவோட உள்பக்கம் பாரு. கண்ணு போற எடத்துக்குக் கை தானா போவும்."

அப்பா நேச்சர் இதழ் படிச்சிருக்க வாய்ப்பே இல்லை! 1994-ல் அதில் மைக்கேல் லேண்டும் டேவிட் லீயும் இதையேதான் எழுதினாங்க. எடின்பரோவில் ஒரு வளைவான ரோட்டில் ஓட்டினவங்களோட பார்வையைப் பதிவு செஞ்சு பார்த்தாங்க. வளைவுக்கு 1, 2 விநாடி முன்னாடியே கண்ணு உள்பக்க விளிம்புக்குப் போயிடுதாம். அந்த விளிம்பு எவ்வளவு விலகித் தெரியுதோ, அதை வெச்சு ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிக்கணும்னு மூளை கணக்குப் போட முடியும். (இல்லை, போகப்போற தடத்தைத்தான் பார்க்கிறாங்கன்னு வாதாடுற ஆய்வாளர்களும் உண்டு.)

1995-ல் லேண்டும் ஹார்வுட்டும் சிமுலேட்டரில் ரோட்டை ஒரு துண்டு மட்டும் காட்டி ஓட்டச் சொன்னாங்க. தூரம் மட்டும் தெரிஞ்சா வளைவில் அலுங்காம திரும்புது, ஆனா தடத்தில் சரியா நிக்கலை. கிட்ட மட்டும் தெரிஞ்சா தடத்தில் நிக்குது, ஆனா வெட்டி வெட்டிப் போகுது.

இதைப் படிச்சதும் எனக்குத் திக்குனு ஆச்சு. கொஞ்ச மாசமா ராத்திரியில் அப்பா வண்டி அப்படித்தான் போச்சு. "கை தளந்து போச்சுடா, வயசாச்சு"ன்னு வேனை விக்கவே ஆள் தேடிட்டு இருந்தார். ஆனா பகலில் அதே கை ஒழுங்கா ஓட்டுதே? அப்போ தளந்தது கை இல்லை. எதிர் வண்டி வெளிச்சம் பட்டதும் தூரத்து ரோடு அவருக்குக் காணாமப் போயிருக்கு.

கெஞ்சிக் கூத்தாடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ரெண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிஞ்சது, இன்னொண்ணு அடுத்த மாசம். அதுவரைக்கும் வேனுக்கு வேற டிரைவர். வருமானம் குறைவுதான். ஆனா பின்னாடி உக்காந்து வர்றவங்க உயிர் பெருசாச்சே.

உங்க வீட்டிலும் ராத்திரி வண்டி ஓட்டுற பெரியவங்க இருந்தா, "கை எப்படி இருக்கு"ன்னு கேக்காதீங்க. "தூரத்து வளைவு தெரியுதா"ன்னு கேளுங்க.