அய்யனார் கோவில் ஓடையும் ஒரு கம்பைலரும்

எங்கள் ராஜபாளையத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அய்யனார் கோவிலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் பெய்த மழை திடீரென்று ஆற்றில் இறங்கிவிடும். அக்கரையில் சாமி கும்பிடப் போனவர்களைக் கயிறு கட்டி மீட்ட செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்!

போன ஐப்பசியில், கோவிலுக்குப் போகும் வழியில் உள்ள உறவினர் மாந்தோப்பில், ஓடை நீர்மட்டம் பார்க்கும் கருவி ஒன்றை என் பேரன் வைத்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பீகிள்போன் பிளாக் என்ற உள்ளங்கை அளவு கணினி, லினக்ஸில் ஓடுவது. தோப்பில் வேலை செய்பவர்கள் ஓடையைக் கடக்கும் முன் திரையில் அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

512 எம்பி நினைவகம் உள்ள அந்தப் பலகையிலேயே நிரலைத் தொகுத்தால் நேரம் பிடிக்கும். மடிக்கணினியில் தொகுத்து அங்கே ஏற்ற வேண்டும். அதற்குத்தான் கிராஸ் கம்பைலர். அதோடு லிங்கர், சி நூலகம், பிழை தேடும் ஜிடிபி எல்லாம் சேர்ந்தது டூல்செயின்.

"எதை எடுக்கட்டும் தாத்தா?" என்றான்.

"இருக்கிறதுல புதுசை எடுடா" என்றேன். நான் இயற்பியல் வாத்தியார். ஓய்வுக்குப் பிறகுதான் லினக்ஸ் பழகினேன். தெரியாததில் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது.

மடிக்கணினியில் உபுண்டு 22.04, பலகையில் டெபியன் 11. ஏற்றி ஓட்டியதும் 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்று நின்றுவிட்டது. ஜிலிப்சி என்பது சி நூலகம். உபுண்டுவில் இருந்தது 2.35, பலகையில் 2.31. பழைய நூலகத்தை வைத்துத் தொகுத்தது புதியதில் ஓடும். தலைகீழாகச் செய்தால் இப்படித்தான் நிற்கும். பழைய பாடத்திட்டத்தில் படித்த பையனுக்குப் புதிய பாடத்திட்ட வினாத்தாள் கொடுத்த கதை.

அவசரத்தில் நூலகத்தை நிரலுக்குள்ளேயே சேர்த்து, அளவு குறையட்டும் என்று பிழை தேட உதவும் பெயர்க் குறிப்புகளையும் நீக்கி ஏற்றினான். ஓடியது. கைதட்டினோம்.

நான்காம் நாள் இரவு மழை. காலையில் தோப்புக் காவல்காரர் போன் செய்தார். "அய்யா, திரையில ஒரு அடின்னு காட்டுது. இங்க இடுப்பளவு போகுது."

நிரல் இரவே செத்திருக்கிறது. திரை மட்டும் கடைசி எண்ணைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அவர் திரையை விடக் கண்ணை நம்பினார். இறங்கியிருந்தால்? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் செத்தது என்று பார்க்கவும் வழியில்லை. ஜிடிபியில் திறந்தால் வெறும் கேள்விக்குறிகள்.

பிறகுதான் நிதானமாக உட்கார்ந்தோம். முதல் கேள்வி, எந்தச் செயலி? 1987-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி, ஆர்முக்கும் உண்டு. சென்னை ஐஐடியின் சக்தி செயலி பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவுக்கும் உண்டு. ஒன்றுக்குத் தொகுத்தது மற்றதில் ஓடாது. இரண்டாவது, பலகையில் உள்ள சி நூலகம் எது? மூன்றாவது, நிரல் செத்தால் காரணம் காண முடியுமா?

கருவி, நூலகம், லினக்ஸ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தர பில்ட்ரூட் இருக்கிறது. பல பலகைகளை வருடக்கணக்கில் பராமரிக்கும் நிறுவனங்களுக்கு யாக்டோ. எங்கள் பலகையில் ஏற்கெனவே டெபியன் 11 இருந்ததால், மடிக்கணினியில் டாக்கருக்குள் அதே டெபியன் 11-ஐ வைத்து, அதன் ஆர்ம் கிராஸ் கம்பைலரையே எடுத்தோம். பெயர்க் குறிப்புகள் உள்ள முழு நிரல் மடிக்கணினியில். அவை நீக்கிய நகல் பலகையில். பலகையில் ஜிடிபி சர்வர், மடிக்கணினியில் ஜிடிபி.

அடுத்த முறை செத்தபோது எந்த வரி என்று காட்டிவிட்டது. மழையில் சென்சாரிலிருந்து வெற்று வரி வந்திருக்கிறது. நிரல் அதில் எண்ணைத் தேடியிருக்கிறது. ஒரு 'இஃப்' போட்டதும் சரியானது. இன்னொன்றும் சேர்த்தோம்: ஒரு நிமிடம் புது அளவு வராவிட்டால் திரையில் 'அளவு இல்லை, இறங்காதீர்கள்' என்று வரும்.

கருவி எது புதியது என்று கேட்காதீர்கள் பிள்ளைகளே. நிரல் எங்கே ஓடப் போகிறது, விழுந்தால் எப்படித் தேடுவேன் என்று கேளுங்கள். இந்தத் துறையில் இருக்கும் என் பழைய மாணவர்கள், தவறிருந்தால் கூச்சப்படாமல் திருத்துங்கள். இந்த வயதில் எனக்கு யாராவது மதிப்பெண் போட்டால் சந்தோஷம்தான்.