டன் என்றால் முடிந்துவிட்டதா?

மின்சாரம் போனால் பெரும்பாலான எஃப்பிஜிஏக்களுக்கு எல்லாம் மறந்துபோகும். செயலியும் எஃப்பிஜிஏவும் ஒன்றாக அமைந்த ஜிங்க்-7020 சில்லுள்ள போர்டு எழும் ஒவ்வொரு முறையும் 40,45,564 பைட் பிட்ஸ்ட்ரீமை மறுபடி ஏற்றியாக வேண்டும். லினக்ஸில் அந்த வேலையைப் பார்க்கும் சிறிய டிரைவரோடு பல வருஷப் பழக்கம் எனக்கு. அதை நிறுவுவது பெரிய காரியமில்லை. கெர்னல் கட்டமைப்பில் எஃப்பிஜிஏ மேனேஜரையும் ஜிங்க் டிரைவரையும் மாட்யூலாகத் தேர்ந்து, கட்டி, நிறுவி, மாட்புரோப் கொடுத்தால் வந்து உட்கார்ந்துவிடும். கெர்னலும் மாட்யூலும் ஒரே மூலத்திலிருந்து கட்டப்பட்டிருந்தால் சரி.

முன்பெல்லாம் ஜிங்க் சில்லை உருவாக்கிய சைலிங்க்ஸ் தந்த கெர்னலில் ஒரு சாதனக் கோப்பு இருக்கும். 'கேட்' கட்டளையால் பிட்ஸ்ட்ரீமை அதற்குள் கொட்டினால் வேலை முடிந்தது. எனக்கு அது பிடித்ததே இல்லை. உள்ளே என்ன வந்தது என்று கெர்னலுக்குத் தெரியாமலே போய்விடும். 2016 ஜனவரியில் வந்த 4.4 கெர்னலில்தான் எஃப்பிஜிஏ மேனேஜர் மூலக் கெர்னலுக்குள் நுழைந்தது.

அதன் ஜிங்க் டிரைவர் நிரலை ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். முதலில் கோப்பில் ஒத்திசைவுச் சொல்லைத் தேடும். அது ஏஏ 99 55 66; ஆனால் பைட்டுகள் புரட்டப்பட்டு 66 55 99 ஏஏ என்று இருந்தால்தான் ஏற்கும். விவாடோ கருவி தரும் பிட் கோப்பை அப்படியே நீட்டினால் திருப்பி அனுப்பிவிடும். பூட்ஜென் கருவி கொண்டு பின் கோப்பாக்கித் தர வேண்டும். அடுத்து, எஃப்பிஜிஏவிலிருந்து செயலிக்கு வரும் சமிக்ஞை வழியை அடைக்கும். புரோக்-பி சமிக்ஞையைத் தாழ்த்தி, இனிட் தாழ்கிறதா என்று பார்த்து, புரோக்-பியை மீண்டும் உயர்த்தி, இனிட்டும் உயரும்வரை காத்திருக்கும். அதன் பிறகே டிஎம்ஏ வழியாகத் தரவு ஓடும். ஏற்றம் முடிந்ததைக் காட்டும் டன் சமிக்ஞை உயர்ந்த பிறகுதான் அடைத்த வழி திறக்கும். எழுதுவதைவிட எழுதுவதற்கு முன்னும் பின்னும் செய்வதே அதிகம். இந்த டிரைவரில் நான் மதிப்பது அதைத்தான்.

டன் உயர்ந்தால் மேனேஜரின் நிலை 'ஆப்பரேட்டிங்' என்று காட்டும். பலர் அத்தோடு எழுந்துபோய்விடுகிறார்கள். பிட்ஸ்ட்ரீம் பழுதில்லாமல் உள்ளே போனது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. யாரும் கேட்காத கிளாக்குகளை லினக்ஸ் பூட் முடியும் தறுவாயில் அணைத்துவிடும். நம் வடிவமைப்புக்குப் போகும் கிளாக்கும் அதில் சேர்ந்திருந்தால், டெவ்மெம் கொண்டு ஒரு ரெஜிஸ்டரைப் படித்த கணமே போர்டு உறைந்துவிடும். பேனிக் செய்தி வராது, லாக் வராது. கன்சோலில் எந்த விசையும் ஏறாது. ஏஎக்ஸ்ஐ பஸ்ஸில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் செயலி நின்றுபோயிருக்கும்.

இதனால்தான் டிவைஸ் ட்ரீ ஓவர்லே வழியாக ஏற்றுவதை வலியுறுத்துகிறேன். எந்த பிட்ஸ்ட்ரீம், அதில் என்னென்ன சாதனங்கள், எவற்றுக்கு எந்தக் கிளாக் எல்லாம் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கும். கெர்னல், செயலிக்கும் எஃப்பிஜிஏவுக்கும் இடையிலான பாலங்களை மூடி, பிட்ஸ்ட்ரீமை ஏற்றி, பாலங்களைத் திறந்து, பிறகே சாதன டிரைவர்களைக் கூப்பிடும். அவை தங்கள் கிளாக்கைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்ளும். ஓவர்லே இல்லாமல் கையால் ஏற்றும் நேர்வழி மேஜைச் சோதனைக்குப் போதும். வாடிக்கையாளரிடம் போகும் போர்டில் அதை விட்டுவைக்காதீர்கள். உங்கள் வடிவமைப்பில் பதிப்பு எண்ணுக்கென்று ஒரு ரெஜிஸ்டர் வையுங்கள். ஏற்றியதும் டிரைவர் அதைப் படித்துச் சரிபார்க்கட்டும்.